காடு என்று எழுதிக்கொண்டோம்

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கம் இல்லை. முப்பது வருஷம் சர்வே சங்கிலி பிடித்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் ஆபீஸ் பக்கம் வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த நீங்கள் நாலு பேர் பிடித்துக்கொண்டீர்கள். “அண்ணே, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க” என்றீர்கள்.

அளப்பது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அது மெஷின் பார்க்கிற வேலை. நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். மெஷின் வந்தாலும் அந்தத் தப்பு நடக்கும். சங்கிலியில் வந்த தப்பு இல்லை அது. காதிலும் வாயிலும் வந்தது.

நாமக்கல் தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுப் பக்கம் ஒரு வேலை வந்தது. பாரஸ்ட் எல்லையை ஒட்டி, பட்டா இல்லாத நிலங்கள் கொஞ்சம் இருந்தன. தலைமுறையாக மலைக்காரர்கள் உழுது வந்த நிலம். காகிதம் மட்டும் கிடையாது. எது அவர்கள் அனுபவிக்கிற நிலம், எது வனம் என்று பார்த்து எழுத வேண்டும். நிலம் என்று எழுதினால் பட்டா வரும். வனம் என்று எழுதினால் எல்லைக் கல் அதற்கு இந்தப் பக்கம் விழும். அப்புறம் அதில் மண்வெட்டி வைத்தால் கேஸ்.

எனக்கு மேலே இருந்த சர்வேயர் கீழத் தஞ்சைப் பக்கத்து ஆள். அவர் பெயர் வேண்டாம். சுத்தமான மனிதர். அளக்கப் போன ஊரில் காப்பித் தண்ணி கூடக் குடிக்க மாட்டார். பையில் தயிர்சோறு கொண்டு வருவார். அவரிடம் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, சங்கிலிக்காரன் ஊர்க்காரனோடு பேசக்கூடாது. பேசினால் எவனுக்காவது சாய்ந்தான் என்று பெயர் வரும். இரண்டாவது, வாக்குமூலம் எழுதினால் சொன்னவன் வாயில் வந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். மற்றவர்கள் எல்லாம் ஆபீஸ் பாஷையில் மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். இவர் மாற்ற மாட்டார்.

“ஏழை சொன்ன சொல்லை மாத்தறதுக்கு நமக்கு என்னய்யா உரிமை?” என்பார்.

எனக்கு அவர்மேல் மரியாதை. இன்றைக்கும் உண்டு.

அன்றைக்குக் கடைசியாகப் போனது செல்லாயி என்கிற அம்மாவின் இடம். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்துவிட்டாள். சரிவில் இரண்டு ஏக்கர் சுமார். அதுதான் அவளுக்கு எல்லாம்.

மலையில் சாமை போடுகிற நிலத்தை இரண்டு மூன்று வருஷம் உழுது, பிறகு சில வருஷம் விட்டுவிடுவார்கள். மண் ஆற வேண்டும் என்பார்கள். செல்லாயி இடம் அப்படி ஆறிக்கொண்டிருந்தது. உண்ணிச்செடி மார் உயரம் வளர்ந்து கிடந்தது. பார்க்கிறவனுக்குப் புதர்.

சங்கிலியை இழுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன். மூன்று இடத்தில் கால் தட்டியது. கல் வரிசை. உழும்போது பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கின கல். மேலே பாசி பிடித்திருந்தது. எத்தனையோ கை அடுக்கின வரிசை. தாண்டிப் போனேன். சங்கிலி கல்லில் மாட்டாமல் தூக்கிப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்தேன். பீல்டு புத்தகத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

அளந்து முடித்து சர்வேயர் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார். செல்லாயி எதிரே நின்றாள். அவளுடைய நாத்தனாரும் பக்கத்து நிலத்துக்காரர் சடையனும் நின்றார்கள்.

“இது என்னம்மா?” என்று சர்வேயர் கையை நீட்டிக் கேட்டார்.

“காடுங்க.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “காட்டப் பாத்து இது என்னன்னு கேக்கறாரு பாரு. ஆபீசருக்குக் கண்ணு தெரியலையாட்ட இருக்குது.”

சடையனும் சிரித்தார். நானும் சிரித்தேன். சர்வேயருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “கேக்கணும்மா. அது என் வேலை” என்றார்.

அந்தச் சிரிப்பை நான் பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கேட்கிற கேள்விக்கு ஊரே சிரித்தால் அங்கே ஏதோ இடிக்கிறது என்று அர்த்தம். நிறுத்தியிருக்க வேண்டும். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

“எத்தனை வருஷமா இது காடு?”

“என்ற மாமனாரு காலத்துல இருந்தே காடுதானுங்க.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னயும் காடுதானுங்க சாமி. அவுங்கப்பாரு, அவருக்கு அப்பாரு, எல்லாரு காலத்துலயும் காடுதான். என்னைக்குமே காடுதான்.” நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். பழைய உரிமை என்று அழுத்திச் சொல்கிறோம் என்று அவளுக்கு நினைப்பு.

“இப்ப இதுல என்ன கிடைக்குது?”

“இப்பங்களா? வெறகுதானுங்க. ஆறக் கெடக்குதுல்லங்க.”

சர்வேயர் பேனாவை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆறக் கெடக்குதுன்னா என்னய்யா?”

அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. சாயங்கால பஸ்ஸுக்குச் சோளக்காடு வரை நடக்க வேண்டும். மேகம் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. நான் சங்கிலியை மடித்துக்கொண்டே, “சும்மா கெடக்குதுங்கய்யா” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதினதைப் படித்துக் காட்டினார். “மேற்படி இடம் காடு. என் மாமனார் காலத்துக்கு முன்பிருந்தே எப்போதும் காடாகவே இருந்து வருகிறது. தற்சமயம் சும்மா கிடக்கிறது. விறகு எடுப்பது உண்டு.” அப்புறம் நிமிர்ந்து, “சரியாம்மா?” என்றார்.

“ரொம்பச் சரிங்க” என்றாள் செல்லாயி. ரேகை வைத்தாள். விரலில் இருந்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, “நல்லாருங்க சாமி” என்றாள்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மலையிலும் சரி, கீழேயும் சரி, காடு என்றால் உழுகிற மேட்டு நிலம். ‘காட்டுக்குப் போறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று அர்த்தம். மரம் அடர்ந்து நிற்கிற இடத்தை மலையில் சோலை என்பார்கள். இல்லாவிட்டால் பாரஸ்ட்டு என்பார்கள். நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரன். என் வீட்டிலும் காடு என்றால் கடலைக் காடுதான். அதனால் அவள் சொன்னது என் காதில் சரியாக விழுந்தது. தஞ்சாவூர்க்காரர் காதில் வேறாக விழும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சோளக்காட்டில் பஸ் ஏறினோம். ஊர்ப்பெயரிலேயே இருந்தது. அதுவும் எனக்கு உறைக்கவில்லை.

சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. வைகாசி மாதம். மழை ஒன்று பெய்திருந்தது. கல் நடப் போனோம். நான்தான் கடப்பாரை. செல்லாயி இடத்துக்குக் கீழ் ஓரத்தில் குழி போடச் சொன்னார்கள். அப்படியானால் இடம் மேலே, பாரஸ்டுக்குள்.

செல்லாயி நிலத்தில் இருந்தாள். ஆறினது போதும் என்று அந்த வருஷம் சாமை போடப் புதர் வெட்டிக்கொண்டிருந்தாள். பாதிக்குமேல் வெட்டியிருந்தாள். கல் வரிசை எல்லாம் வெளியே தெரிந்தது.

எங்களோடு வந்திருந்த பாரஸ்ட் கார்டு சத்தம் போட்டார். “ஏம்மா, யாரக் கேட்டு வெட்டற? வெளிய வா.”

“என்ற காட்டுல நான் வெட்டறதுக்கு யாரக் கேக்கோணும்?”

“காடுன்னு நீயே சொல்ற. காடு கவர்மெண்டோடது.”

“காடு எப்படிங்க கவர்மெண்டோடதாகும்? பாரஸ்ட்டு வேணா உங்களுது. காடு என்றதுங்க.”

கார்டு பையில் இருந்து நகலை எடுத்தார். “இங்க பாரு, உன் ரேகை. காடு, எப்பவும் காடு, சும்மா கெடக்குதுன்னு நீயேதான் சொல்லிக் குடுத்திருக்கற. இப்ப ஏன் மாத்திப் பேசற?”

“மாத்திப் பேசலியே சாமி. அன்னைக்கும் காடுன்னேன். இன்னைக்கும் காடுங்கறேன்.”

என் கையில் கடப்பாரை நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாசக்கணக்கில் உள்ளே கிடந்தது ஒரே நிமிஷத்தில் புரிந்தது.

சர்வேயரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கல் வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அன்னைக்கு உனக்குத் தெரியாதா?” என்றார்.

“நீங்க வேற மாதிரி எழுதுவீங்கன்னு தெரியாதுங்கய்யா.”

“நான் வேற மாதிரி எழுதலையேய்யா. அவங்க சொன்னதைத்தான் எழுதினேன்” என்றார். நேர்மையான ஆள். சொல்லை மாற்றாமல் எழுதித்தான் அவளைக் கெடுத்தார். கவனமில்லாத ஒரு ஆள் வந்து ‘அனுபவ நிலம்’ என்று ஆபீஸ் பாஷையில் கிறுக்கியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

ஆனால் கையில் உத்தரவு இருந்தது. கல்லை நட்டோம். நான் நட்டேன். மண்ணைத் தள்ளி மிதித்தது என் கால்தான். செல்லாயி அரிவாளைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. “இதென்னங்க கூத்து” என்று மட்டும் இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

சர்வேயர் சும்மா இருக்கவில்லை. நடந்ததை எழுதி மேலே அனுப்பினார். அதனால் மறு விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு முன்பே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தண்டனை இல்லை. வழக்கமாக வருகிற மாற்றல்தான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் இருக்க மாட்டேன். நீ இருப்ப. சொல்லிடு” என்றார்.

விசாரணை கீழே ஆபீஸில் நடந்தது. செல்லாயி அதிகாலை பஸ்ஸில் இறங்கி வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். சடையனும் துணைக்கு வந்திருந்தார். விசாரித்தவர் பெரிய அதிகாரி. கெட்டவர் இல்லை. அவருக்கு அன்றைக்கு அது இருபதாவது கேஸ் கட்டோ என்னமோ. என்னைக் கூப்பிட்டார்.

“வாக்குமூலம் வாங்கினப்ப நீ கூட இருந்தியா?”

“இருந்தேனுங்க.”

“அந்த அம்மா காடுன்னு சொன்னாங்களா?”

“சொன்னாங்கங்க.”

“அதில்லீங்கய்யா” என்று சொல்ல வாய் எடுத்தேன். அவர் கையைக் காட்டினார். “கேட்டதுக்கு மட்டும் சொல்லு. சும்மா கிடக்குதுன்னு சொன்னாங்களா?”

இதற்கு உண்மையான பதில், ‘அதைச் சொன்னது நான்’ என்பது. அவள் சொன்னது ஆறக் கிடக்கிறது என்று. அதைச் ‘சும்மா’ ஆக்கினது நான். அந்த ஒரு வாக்கியம் வாய்க்குள் இருந்தது. நுனி நாக்கில் இருந்தது.

“ஆமாங்க” என்றேன்.

பயம் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பயம் இல்லை. பழக்கம். கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் நிற்பது. அத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் நல்ல பெயர் வாங்கினவன். தேவைப்பட்ட அன்றைக்கு அது திறக்கவில்லை.

வெளியே வந்தேன். சடையன், “சொன்னீங்களாங்க?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. உத்தரவு மாறவில்லை.

கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி அது என் மேலேயே இருந்தது. அடுத்த வருஷம் பேளுக்குறிச்சிச் சந்தையில் செல்லாயியைப் பார்த்தேன். சாக்கு விரித்திருந்த ஒருவரிடம் சாமை வாங்கிக்கொண்டிருந்தாள். சாமையை விலைக்கு வாங்கும் மலைக்காரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கீழே ஜவ்வரிசி ஆலை ஒன்றில் மாவு காய வைக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். கை வெளுத்துப் போயிருந்தது.

நான் தப்பித்துப் போகலாம் என்று பார்த்தேன். அவளே கூப்பிட்டாள். “ஏனுங்க, சங்கிலிக்காரரே. நில்லுங்க.”

நின்றேன்.

“உங்கள ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். திட்டறதுக்கில்லீங்க. அன்னைக்கு நான் காடுன்னு சொன்னது தப்புன்னாங்க. செரி. வேற என்னன்னு சொல்லியிருக்கோணும்?”

“நிலம்னு சொல்லியிருக்கணுங்க அக்கா.”

“நெலமா?”

“நிலம். நாங்க பயிர் வெக்கிற நிலம்னு.”

“நிலம்” என்று சொல்லிப் பார்த்தாள். “ஆபீசுப் பேச்சு. இத அன்னைக்கே சொல்றதுக்கு உங்க வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

சாமைப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து அதே ஊரில் மீதி இடங்களைச் சர்வேக்கு எடுத்தார்கள். சடையன் நிலமும் இன்னும் நாலைந்து குடும்பத்து நிலமும். புது சர்வேயர் ஒரு பெண். தெற்கத்திக்காரர். சின்ன வயது, கூர்மையான ஆள். சங்கிலிக்கு நான்.

முதலில் சடையனைக் கேட்டார். “இது என்னங்க?”

“நிலமுங்க மேடம். பயிர் வெக்கிற நிலம்.” பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

அடுத்த ஆளும் அதையே சொன்னார். அதற்கடுத்த அம்மாவும் ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னாள். சர்வேயருக்குச் சந்தேகம் வந்தது. மாடு மேய்கிற கரட்டு மேட்டைக் காட்டினார். “அது?”

“நிலமுங்க.”

“அந்தப் பாறை?”

“அதுவும் நிலந்தானுங்க.”

“அங்க தெரியற சோலை? கோயில் இருக்கே?”

கிழவர் ஒருவர் யோசித்துவிட்டு, “நிலம்னே எழுதிக்குங்க மேடம். எதுக்கு வம்பு” என்றார்.

சர்வேயர் பேனாவை மூடினார். என்னிடம் வந்தார். “எல்லாருக்கும் யாரோ பாடம் சொல்லி வெச்சிருக்காங்க. சொல்லிக் கொடுத்து வாங்கின வாக்குமூலம் செல்லாது. அப்படியே எழுதி அனுப்பப் போறேன்.”

எனக்குப் புரிந்தது. சந்தையில் நான் சொன்ன ஒரு சொல்லைச் செல்லாயி ஊருக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தனக்குப் போனது மற்றவர்களுக்குப் போகக் கூடாது என்று. அந்தச் சொல்லாலேயே இவர்களுக்கும் போகப் போகிறது.

இந்தத் தடவை யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

“மேடம், சொல்லிக் குடுத்தது நாந்தானுங்க.”

அவர் முகம் மாறியது. “என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதானுங்க.”

எல்லாவற்றையும் சொன்னேன். காடு என்ற சொல், ஆறக் கிடக்கிறது என்ற சொல், சும்மா என்று நான் சொன்னது, விசாரணையில் சொல்லாமல் விட்டது. அவரை அவர்கள் இடத்துப் புதருக்குள் கூட்டிப் போய்க் கல் வரிசையைக் காட்டினேன். “பாரஸ்ட்டு கல்லுப் பொறுக்காதுங்க மேடம். மனுசந்தான் பொறுக்குவான்” என்றேன். அவர் குனிந்து பாசியைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு எல்லாரையும் மறுபடி உட்கார வைத்தார். “உங்க பேச்சுலயே சொல்லுங்க. போன வருஷம் என்ன போட்டீங்க? அதுக்கு முந்தி? விட்டு எத்தனை வருஷமாச்சு? மறுபடி எப்ப உழுவீங்க?” என்று கேட்டார். அவர்களுக்கு நாக்கு அவிழ்ந்தது. சாமை, கேழ்வரகு, எந்த வருஷம் பன்றி தின்றது, எந்த மழையில் வரப்பு போனது, எல்லாம் வந்தது. அவர்கள் சொன்ன சொல்லை எழுதி, பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்றும் எழுதினார். இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சொல்லை மாற்றாதீர்கள். அப்படியே எழுதியும் விட்டுவிடாதீர்கள். ‘அப்படின்னா என்ன’ என்று கேளுங்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் இரண்டு தரம் கேளுங்கள்.

என் பெயரையும் அவர் எழுத வேண்டியிருந்தது. எழுதினார். எனக்கு மெமோ வந்தது. ஒரு வருஷம் ரிக்கார்டு அறையில் தூசி தட்டினேன். சடையனுக்கும் மற்றவர்களுக்கும் பின்னால் பட்டா வந்தது. செல்லாயியின் கேஸ் கட்டை யாரும் திறக்கவில்லை. அப்பீல் கெடு முடிந்த கட்டு.

வாக்குமூலம் வாங்கின அன்றைக்கு எல்லாரும் ரேகை வைத்து முடித்த பிறகு, கடைசியில் செல்லாயி வந்து நின்றாள். ஆலை வேலைக்குப் போகாமல் நின்றிருக்கிறாள்.

சர்வேயர் பட்டியலைப் பார்த்தார். “உங்க பேரு இதுல இல்லையேம்மா.”

“தெரியுங்க கண்ணு. நானும் ஒருக்கா சொல்லிட்டுப் போறேன்.”

சர்வேயர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

செல்லாயி சரிவுக்கு மேலே, நான் நட்ட கல்லுக்கு அந்தப் பக்கம், கையை நீட்டினாள். “அது என்ற நிலமுங்க” என்றாள். நிறுத்தி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக.

சர்வேயர் கையில் பேனா இருந்தது. எழுதுவதற்கு இடம் இல்லை.